வீடற்றோருக்கு வீடு கொடுக்கப் பணம் வருகிறது, ஒருங்கிணைக்க வருகிறதா? (அமெரிக்காவின் சி.ஓ.சி. மானியம்)

நூலகத்தடி (இழையைத் தொடங்கியவர்)

வேறொரு இழையில் ஒருவர், "அமெரிக்காவில் வீடற்றோருக்காகக் கோடி கோடியாகச் செலவழிக்கிறார்கள், தெருவில் கூடாரம் குறைந்தபாடில்லை, பணம் எங்கேதான் போகிறது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அங்கே பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), இந்தச் சேவைகளை ஒருங்கிணைக்கும் அலுவலகத்தில். நேரடியாக யாருக்கும் வீடு கொடுப்பதில்லை, கொடுக்கிறவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் எங்கள் வேலை.

முதலில் பணம் வரும் வழிகளைப் பாருங்கள். மத்திய வீட்டுவசதித் துறையான ஹட் இரண்டு பெரிய மானியங்கள் தருகிறது. ஒன்று அவசரத் தீர்வு மானியம், அது மக்கள்தொகை, வறுமை போன்றவற்றை வைத்துச் சூத்திரப்படி மாநிலத்துக்கும் நகரத்துக்கும் போய்விடும். இன்னொன்று கன்டினியூம் ஆஃப் கேர், சுருக்கமாக சி.ஓ.சி., இது போட்டி போட்டு வாங்க வேண்டியது. இவை போக முன்னாள் படைவீரர்களுக்குப் படைவீரர் துறையின் பணம், மாநிலப் பணம், கவுண்டி போடும் விற்பனை வரி, மருத்துவமனைகள் தருவது, அறக்கட்டளைகள் தருவது. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, அறிக்கை கேட்கும் தேதி வேறு, யார் வீடற்றவர் என்ற வரையறைகூட வேறு. இந்த எல்லாப் பணமும் கடைசியில் வந்து சேருவது பாலத்தின் கீழே படுத்திருக்கும் அதே மனிதரிடம்.

1987-ல் வீடற்றோர் உதவிக்கான மெக்கின்னி சட்டம் வந்தபோது ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தனித்தனியாக வாஷிங்டனுக்கு விண்ணப்பம் போட்டது. ஒரே ஊரில் மூன்று பேர் சூப்புக் கூடம் நடத்துவார்கள், போதை மீட்புக்கு ஒரு படுக்கைகூட இருக்காது. இதைப் பார்த்துத்தான் 1990-களின் நடுவில் ஹட், "ஊருக்கு ஒரே விண்ணப்பம், நீங்களே உட்கார்ந்து பேசி வரிசைப்படுத்தி அனுப்புங்கள்" என்று சொன்னது. அப்படிச் சேர்ந்து விண்ணப்பிக்கும் உள்ளூர்க் கூட்டமைப்புக்கும் சி.ஓ.சி. என்றே பெயர். 2009-ல் ஹார்த் சட்டம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. அதற்கான விதிகள் 2012-ல் வந்தன, "இடைக்கால விதி" என்ற பெயரில். இன்றுவரை அதே பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இந்த விதிப்படி ஒவ்வொரு பகுதியும் ஓராண்டு விட்டு ஓராண்டாவது வீடற்றோரைக் கணக்கெடுக்க வேண்டும், யாருக்கு என்ன உதவி என்று பதியும் பொதுத் தரவுத்தளம் நடத்த வேண்டும், எல்லாச் சேவைக்கும் ஒரே நுழைவாயில் வைக்க வேண்டும், திட்டங்களை மதிப்பிட்டுத் தரவரிசை போட வேண்டும். இத்தனைக்கும் திட்டமிடல் மானியம் என்று தருவது, விதியில் உள்ளபடி, அந்தப் பகுதிக்கு ஒதுக்கக்கூடிய தொகையில் 3 விழுக்காடு. அண்மை ஆண்டு அறிவிப்புகளில் 5 வரை உயர்த்தினார்கள், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான், "நிர்வாகச் செலவு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை தானாகக் கத்தரிக்குப் போய்விடுகிறது. இதை வெட்டினால் மற்ற 95 விழுக்காடும் சரியான ஆளிடம் போய்ச் சேராது என்பது என் திடமான கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள், பேசுவோம்.

வரவுசெலவு

கேள்வி கேட்ட ஆள் நான்தான். விளக்கத்துக்கு நன்றி, ஆனால் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

லாஸ் ஏஞ்சலஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைக்கவென்றே 1993-ல் நகரமும் கவுண்டியும் சேர்ந்து லாசா என்ற அமைப்பைத் தொடங்கின. 30 ஆண்டுக்கு மேல் ஓடியாயிற்று. 2025 மார்ச்சில் நீதிமன்றம் சொல்லி நடத்திய தணிக்கை அறிக்கை வந்தது. செலவான பணத்தால் என்ன கிடைத்தது என்று முழுமையாகத் தொடர முடியாத அளவுக்குக் கணக்கும் தரவும் இருந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதமே கவுண்டி மேற்பார்வையாளர்கள் 30 கோடி டாலருக்கு மேல் அந்த அமைப்பிலிருந்து எடுத்துத் தங்கள் சொந்தத் துறைக்கு மாற்ற வாக்களித்துவிட்டார்கள். ஒருங்கிணைப்புக்குப் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்றால் அங்கே ஏன் ஆகவில்லை? நான் வரி கட்டுகிறவன், இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் நல்ல எண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை.

நூலகத்தடி

//ஒருங்கிணைப்புக்குப் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்றால்//

அப்படி நான் சொல்லவில்லை. வீடு இல்லாமல் எதை ஒருங்கிணைத்தாலும் வரிசைதான் நேர்த்தியாக இருக்கும், நகராது. கலிஃபோர்னியாவில் வாடகை வீட்டுப் பற்றாக்குறை அத்தனை மோசம்.

லாஸ் ஏஞ்சலஸ் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அந்தக் கவுண்டியின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். ஒரே கவுண்டிக்குள் நான்கு சி.ஓ.சி. இருக்கின்றன. லாங் பீச், பாசடீனா, கிளென்டேல் மூன்றும் தனித்தனி, மீதி எல்லாம் லாசா. ஒரு தெருவைக் கடந்தால் வேறு காத்திருப்புப் பட்டியல். அதோடு லாசா ஓர் அமைப்பாகப் பணத்தைப் பங்கிடவும் வேண்டும், நகரத்துக்கும் கவுண்டிக்கும் பதில் சொல்லவும் வேண்டும், தெருவில் ஆளையும் அனுப்ப வேண்டும். இரண்டு எஜமானர்கள், ஒருவர் ஒன்றைச் சொன்னால் இன்னொருவர் வேறொன்றைச் சொல்வார். பொறுப்பு இருந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அதைத்தான் நான் படிப்பினையாக எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கம் ஹியூஸ்டன். 2011 வாக்கில் நாட்டிலேயே மோசமான நிலையில் இருந்த பெருநகரங்களில் ஒன்று. ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், மான்ட்கோமரி கவுண்டிகளை உள்ளடக்கி ஒரே சி.ஓ.சி., ஒரே தலைமை அமைப்பு. 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சொந்தக் காத்திருப்புப் பட்டியலைக் கைவிட்டு ஒரே பட்டியலுக்கு வந்தன. அது சாதாரண விஷயம் இல்லை. தங்கள் படுக்கையில் யார் படுக்கலாம் என்ற தீர்மானத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் வலிக்கும். வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களோடு பேசுவதையும் ஒரே குழு எடுத்துக்கொண்டது. கணக்கெடுப்பில் வீடற்றோர் எண்ணிக்கை 2011-லிருந்து 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. ஹியூஸ்டனில் வாடகையும் குறைவு, கட்டடம் கட்டத் தடைகளும் குறைவு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வாடகை குறைவான வேறு பல ஊர்களில் இப்படி நடக்கவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாலைக்காற்று

அண்ணா, இந்த இழை எனக்காகவே தொடங்கியது போல இருக்கிறது. நான் அரிசோனாவில் கேஸ் மேனேஜர், அதாவது வீடற்ற ஒருவருக்கு வீடும் சேவைகளும் கிடைக்கக் கூடவே இருந்து உதவுபவர். ஒருங்கிணைப்பு என்றால் ஏதோ கூட்டம் போட்டு டீ குடிப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். களத்தில் அது என்ன என்று ஓர் உதாரணம் சொல்கிறேன், ஆளின் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர். சர்க்கரையால் கால் புண்ணாகி, பல ஆண்டுகளாகத் தெருவில். நிரந்தர ஆதரவு வீடு (வாடகை உதவியும் சேவைகளும் சேர்ந்தே வரும் வீடு) கிடைக்க வேண்டுமென்றால் அவர் "நாள்பட்ட வீடற்றவர்" என்ற வரையறைக்குள் வர வேண்டும். அதாவது உடல் அல்லது மனக் குறைபாடு இருக்க வேண்டும், தொடர்ச்சியாக 12 மாதம் தெருவிலோ ஷெல்டரிலோ இருந்திருக்க வேண்டும், அல்லது 3 ஆண்டுகளில் 4 முறை விட்டு விட்டு இருந்து மொத்தம் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். இதை அவர் வாயால் சொன்னால் போதாது. பொதுவாக 9 மாதத்துக்காவது வேறு ஒருவர் சாட்சியம் வேண்டும்.

இந்த மனிதருக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனை, அப்புறம் மறுவாழ்வு மையம். அங்கே 90 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த நாள்களும் வீடற்ற காலமாகவே எண்ணப்படும், வரிசையில் அவர் இடம் அப்படியே இருக்கும். 90 தாண்டினால் தொடர்ச்சி அறுந்துவிடும். மறுவாழ்வு மையத்தில் இருக்கிற சமூகப் பணியாளருக்கு இது தெரியாது, அவர்கள் வேலையும் அது இல்லை. நல்ல மனதோடு, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், கால் ஆறட்டும்" என்று வைத்துக்கொண்டார்கள். 90 தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடு தயாராக இருந்தது. அவர் தகுதி போய்விட்டது. காலும் ஆறி, வெளியே வந்து, திரும்பவும் தெருவுக்கே போனார்.

மையத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு போன் போட ஆள் இருந்திருந்தால் போதும். அந்த ஆளுக்கான சம்பளம் எந்த மானியத்திலும் இல்லை. மருத்துவமனைப் பணம் மருத்துவத்துக்கு, எங்கள் பணம் வாடகைக்கு. நடுவில் இருக்கும் இடைவெளி யாருடைய பட்ஜெட்டிலும் வராது.

மேசைவிளக்கு

பாலைக்காற்று, படித்துவிட்டு மனசு கேட்கவில்லை.

நான் ஒரு சின்ன நான்-பிராஃபிட்டில் கணக்கு பார்க்கிறேன், 20 படுக்கை உள்ள பெண்கள் இல்லம். ஒருங்கிணைப்புக்கு ஆதரவானவள்தான், ஆனால் பெரிய மேசையில் இருப்பவர்கள் சின்னவர்களின் பாட்டைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

முதலாவது, இந்தப் பணம் நம் கைக்கு வரும் விதம். நடைமுறையில் எங்களுக்கு இது செலவழித்துவிட்டு ரசீது காட்டி வாங்குகிற பணம். எங்களை மாதிரி துணைப் பெறுநர்களுக்கு (மானியம் வாங்கிய வேறொரு அமைப்பு வழியாகப் பணம் பெறுபவர்களுக்கு), சரியான கோரிக்கை வந்த 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று ஹட் விதி இருக்கிறது. "சரியான கோரிக்கை" என்ற சொல்லில்தான் சிக்கல். ஒரு ரசீதில் தேதி மங்கலாக இருந்தால் முழுக் கோரிக்கையும் திரும்பி வரும், 45 நாள் அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்களுக்குப் பணம் கடத்தித் தரும் அலுவலகம் ஒன்று (பெயர் வேண்டாம்) மாதக்கணக்கில் இழுத்தடித்த காலம் உண்டு. அந்தச் சமயத்தில் இரவுப் பணியாளர்களின் சம்பளத்துக்கு வங்கிக் கடன் வாங்கினோம். அந்தக் கடனின் வட்டியை எந்த மானியமும் ஏற்காது.

இரண்டாவது, 25 விழுக்காடு ஈடு. சி.ஓ.சி. மானியத்தில் குத்தகைப் பணம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நாலில் ஒரு பங்கு நாம் காட்ட வேண்டும். பணமாகவும் காட்டலாம், பொருளாகவும் சேவையாகவும் காட்டலாம். ஒரு பல் மருத்துவர் வாரம் ஒரு மாலை இலவசமாகப் பார்த்தால் அந்த நேரத்துக்கு ஊரில் என்ன கட்டணமோ அதை ஈடாகக் காட்டலாம். ஆனால் மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், அப்புறம் அவர் வந்த நேரத்தையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆள் உண்டு. எங்கள் இல்லத்தில் அந்த ஆளும் நான்தான், சமையலறைக் கொள்முதல் பார்ப்பதும் நான்தான்.

மூன்றாவது, தரவுத்தளம். எங்களிடம் வருபவர்களில் பலர் கணவனின் அடிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் நிறுவனங்கள் பொதுத் தரவுத்தளத்தில் பெயர் போடக் கூடாது, சட்டமே தடுக்கிறது, தனியாக ஒப்பான ஒரு தளம் வைத்துக்கொள்ள வேண்டும். சரியான ஏற்பாடு, எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் அந்தத் தனித் தளத்துக்கு ஆண்டுச் சந்தா யார் கட்டுவது என்று கேட்டால் எல்லோரும் மேசையைப் பார்க்கிறார்கள். பெயர் பொதுத் தளத்தில் இல்லாததால் பொதுப் பட்டியலில் எங்கள் பெண்கள் பின்தங்கிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் தனியாக ஒரு வழிமுறை வேண்டியிருக்கிறது.

நூலகத்தடி

மேசைவிளக்கு, நீங்கள் சொன்ன மூன்றுமே உண்மை. இன்னொன்றையும் சேர்க்கிறேன், ஒருங்கிணைப்புக்கான திட்டமிடல் மானியத்துக்கும் அதே 25 விழுக்காடு ஈடு உண்டு. அதாவது கூட்டம் நடத்துகிற அலுவலகமும் யாரிடமாவது கை நீட்டித்தான் அதைக் காட்ட வேண்டும்.

சின்ன நிறுவனங்களுக்குச் செலவுக்கு முன்பே கொஞ்சம் கையிருப்புப் பணம் தரும் சுழல் நிதியை உள்ளூர் அறக்கட்டளைகள் வழியாக வைக்கலாம். எங்கள் பகுதியில் அதைக் கேட்டு வாங்கினோம், பெரிய தொகை இல்லை, ஆனால் சம்பள நாளில் கைகொடுக்கிறது. உங்கள் பகுதியிலும் தலைமை அமைப்பிடம் கேட்டுப் பாருங்கள். குடும்ப வன்முறைப் பக்கம், பெயர் இல்லாமல் ஓர் எண்ணை மட்டும் வைத்துப் பட்டியலில் சேர்க்கும் முறை பல இடங்களில் நடக்கிறது. வரிசையில் முறை வந்தால் அந்த எண்ணுக்குரிய நிறுவனத்துக்குத் தகவல் போகும், அவர்கள் அந்தப் பெண்ணிடம் சொல்வார்கள். செய்யக்கூடியதுதான்.

வரவுசெலவு

பாலைக்காற்று சொன்ன அந்த 90 நாள் விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று. எல்லாவற்றையும் அளக்கிறோம் என்கிறீர்கள். ஜனவரிக் கடைசியில் ஒரே இரவில் தெருவில் போய் எண்ணுகிறார்கள். 2024 கணக்கு 7,71,480 பேர், முந்தைய ஆண்டைவிட 18 விழுக்காடு கூடுதல். ஒரே இரவு, அதுவும் குளிர்காலம், தன்னார்வலர்கள் கையில் டார்ச். இதை நம்பி எப்படிக் கோடிக்கணக்கில் பங்கிடுகிறீர்கள்?

நூலகத்தடி

முதலில் ஒரு திருத்தம், பணத்தைப் பங்கிடுவது அந்த எண்ணிக்கையை வைத்து இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் அடிப்படைத் தொகைக்கு வேறு சூத்திரம் இருக்கிறது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களைப் புதுப்பிக்க ஆகும் தொகையும் அதோடு பார்க்கப்படும். எண்ணிக்கையில் வரும் ஏற்ற இறக்கம் போட்டியில் மதிப்பெண்ணுக்கு உதவும்.

எண்ணிக்கையின் குறை எல்லோருக்கும் தெரியும். தெருவில் படுப்பவர்களைக் கட்டாயமாக எண்ண வேண்டியது ஓராண்டு விட்டு ஓராண்டுதான், பல ஊர்கள் ஆண்டுதோறும் செய்கின்றன. காரில் தூங்குபவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் நான் தரவுத்தளத்தின் மேல் அதிக நம்பிக்கை வைக்கிறேன். பாலைக்காற்று சொன்ன 9 மாத சாட்சியத்துக்கு வருவோம். ஒரு மாதத்தில் ஒரே ஒரு முறை தெருப் பணியாளர் ஒருவரைப் பார்த்ததாகப் பதிவு இருந்தால் போதும், அந்த மாதம் முழுவதும் அவர் வீடற்று இருந்ததாக ஏற்றுக்கொள்ளலாம். அதாவது ஒரு பணியாளர் ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்குக் காலுறை கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் மறக்காமல் கணினியில் ஒரு வரி போட்டால், அது ஒரு மாதச் சாட்சியம். அப்படி ஒன்பது வரி சேர்ந்தால் ஒரு வீட்டின் சாவி. அந்த வரியைப் போடப் பயிற்சி கொடுப்பதும், போடாதவர்களைத் தொடர்ந்து நச்சரிப்பதும், ஒரே ஆள் மூன்று பெயரில் பதிவாகியிருந்தால் சேர்ப்பதும்தான் எல்லோரும் "நிர்வாகச் செலவு" என்று சொல்லும் பணத்தில் நடக்கிறது.

ஒருங்கிணைப்பு வேலை செய்கிறதா என்பதற்கு எண்ணாகவே ஒன்று தருகிறேன். நீங்கள் சொன்ன அதே 2024 கணக்கில் எல்லாப் பிரிவும் கூடியிருக்கிறது, குடும்பங்கள் 39 விழுக்காடு கூடியிருக்கின்றன, ஆனால் முன்னாள் படைவீரர்கள் குறைந்திருக்கிறார்கள், 32,882 பேர். 2010-ஐ ஒப்பிட்டால் பாதிக்கும் மேல் குறைவு. அவர்களுக்கு மட்டும் என்ன வேறு? வாடகைக்கு உதவும் வவுச்சரை ஹட் தருகிறது, கேஸ் மேனேஜரைப் படைவீரர் துறை தருகிறது, இரண்டும் ஒரே திட்டத்தில் பூட்டப்பட்டு வருகின்றன. பணமும் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாடகையும் ஆளும் சேர்ந்தே வந்தன.

கூடல்மகன்

நான் பொதுவாக வாசிப்பவன் மட்டும், குடும்பங்கள் 39 விழுக்காடு என்று பார்த்ததும் எழுத வேண்டும் போலிருந்தது.

நான் பள்ளியில் வேலை செய்கிறேன். அதே மெக்கின்னி சட்டத்தின் கல்விப் பகுதிப்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் வீடற்ற பிள்ளைகளுக்கென ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். எங்களுக்கு, சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில் வேறு வழியில்லாமல் ஐந்து பேராகப் படுத்துக் கிடக்கும் குடும்பமும் வீடற்ற குடும்பம்தான். அந்தப் பிள்ளைக்குப் பேருந்து ஏற்பாடு செய்வோம், பழைய பள்ளியிலேயே தொடர வைப்போம். ஆனால் அந்தத் தாயை நான் வீட்டுவசதிப் பக்கம் அனுப்பினால், "உங்களுக்குக் கூரை இருக்கிறதே, எங்கள் வரையறையில் வர மாட்டீர்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரே சட்டத்தின் இரண்டு கிளைகள், இரண்டு பதில்.

அந்தத் தாயிடம் நான் என்ன சொல்வது? இந்த வாரம் காரில் போய்ப் படுங்கள், அப்புறம் வாருங்கள் என்றா?

பாலைக்காற்று

இல்லை சார், அப்படிச் சொல்லாதீர்கள், அப்படி நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன், குழந்தைகளுக்கு ஆபத்து.

இரண்டு வழி சொல்கிறேன். 14 நாளுக்குள் அந்த இடத்தை விட்டுப் போயாக வேண்டும், போக வேறு இடம் இல்லை, கையில் வசதியும் இல்லை என்றால் "உடனடி ஆபத்தில் இருப்பவர்" என்ற பிரிவு ஹட்டிலேயே உண்டு. தங்க வைத்திருக்கும் சொந்தக்காரர், இன்ன தேதிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதித் தந்தால் அல்லது பணியாளரிடம் வாயால் சொல்லி அது பதிவானால் உதவும். அந்தப் பிரிவுக்கு எல்லாத் திட்டமும் திறக்காது, சில திறக்கும். இன்னொன்று, அவசரத் தீர்வு மானியத்தில் வீடிழப்பைத் தடுக்கும் பகுதி இருக்கிறது, உங்கள் நகரமோ மாநிலமோ அதற்கு ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் உங்கள் பகுதியின் அந்த ஒரே நுழைவாயிலின் போன் எண்ணைக் கூப்பிட்டால் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அங்கே ஆள் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்ளுங்கள், விடாமல் மறுபடி கூப்பிடுங்கள்.

வரவுசெலவு

சரி, இதையும் கேட்டுவிடுகிறேன். 2025-ல் எல்லாமே மாறியதாகச் செய்தி வந்ததே, அது எங்கே போய் நின்றது?

நூலகத்தடி

அது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன், கட்சிச் சண்டையாக ஆக்கிவிட வேண்டாம்.

இரண்டு நிதியாண்டுக்குச் சேர்த்து ஒரே போட்டி என்று 2024-ல் அறிவித்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி, ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதுகிற நேரம் மிச்சம் என்று. 2025 ஜூலையில் அதிபரின் ஆணை வந்தது, முதலில் வீடு அப்புறம் சிகிச்சை என்ற அணுகுமுறைக்கான ஆதரவை நிறுத்தச் சொன்னது. நவம்பரில் ஹட் பழைய அறிவிப்பைத் திரும்பப் பெற்றுப் புதிய அறிவிப்பு வெளியிட்டது. அதில் நிரந்தர வீட்டுத் திட்டங்களுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. சி.ஓ.சி. பணத்தின் மிகப் பெரும் பகுதி நிரந்தர வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மாநிலங்களும் நகரங்களும் தொண்டு அமைப்புகளும் வழக்குப் போட்டன. டிசம்பரில் ஹட் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது, ரோட் ஐலண்ட் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடையும் போட்டது.

எந்த அணுகுமுறை சரி என்பதில் எனக்குக் கருத்து உண்டு. வீடு கொடுத்தவர்கள் அதில் நிலைத்து நிற்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன், ஆகவே வீடு முதலில். ஆனால் அதை விடுங்கள். சிகிச்சை முதலில் என்று நினைப்பவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்: ஒருவர் குடியிருக்கும் வீட்டின் வாடகை இந்த மானியத்திலிருந்து போகிறது, மானியம் எந்த மாதம் முடிகிறது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். நவம்பரில் விதி மாறினால், ஜனவரியில் முடிகிற திட்டத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று அந்த வீட்டுக்காரர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அடுத்த முறை காலி வீடு இருந்தால் எங்களிடம் சொல்ல மாட்டார். பல ஆண்டு பேசிப் பேசிச் சேர்த்த நம்பிக்கை அப்படித்தான் கரைகிறது, அதைத் திரும்பச் சேர்க்க எந்த மானியத்திலும் தலைப்பு கிடையாது.

மேசைவிளக்கு

ஆமாம். அந்த டிசம்பரில் எங்கள் இல்லத்துப் பெண் ஒருவர் தன் குழந்தையின் உடைகளை மறுபடி பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. செய்தியைப் போனில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

வரவுசெலவு

நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தணிக்கை கட்டாயம் வேண்டும், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி நடந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் "நிர்வாகச் செலவு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசியது போதும் என்று தோன்றுகிறது. அந்த மூட்டைக்குள் தரவுப் பயிற்சி எவ்வளவு, மருத்துவமனையோடு பேசும் ஆள் எவ்வளவு, வெறும் ஆலோசகர் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் என்னைப் போன்றவர்கள் எதிர்க்க மாட்டோம். உங்கள் அலுவலகம் அப்படிப் பிரித்து வெளியிடுகிறதா? எங்கள் பகுதியில் யாரிடம் கேட்பது?

நூலகத்தடி

கேட்க உங்களுக்கு உரிமையே இருக்கிறது. விதிப்படி ஒவ்வொரு சி.ஓ.சி.யும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது முழு உறுப்பினர் கூட்டம் நடத்த வேண்டும், நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட வேண்டும், புதிய உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் பொது அழைப்பு விடுக்க வேண்டும். ஆட்சிக் குழுவில் வீடற்று இருந்த அல்லது இருக்கும் ஒருவராவது இடம்பெற வேண்டும். ஹட் தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பகுதியின் சி.ஓ.சி. பெயரும் தொடர்பு மின்னஞ்சலும் கிடைக்கும். கணக்குத் தெரிந்த ஆள்கள் எங்கள் தரவரிசைக் குழுக்களில் எப்போதும் குறைவு. எந்தத் திட்டத்துக்குப் பணம், எதற்கு இல்லை என்று மதிப்பெண் போடுவது அந்தக் குழுதான், விண்ணப்பிக்கும் நிறுவனத்தோடு சம்பந்தம் இல்லாதவர்கள்தான் அதில் உட்கார முடியும். நீங்கள் கேட்ட பிரிப்பை உள்ளே உட்கார்ந்தே கேட்கலாம்.

கூடல்மகன் சார், நீங்களும் போங்கள். பள்ளி மாவட்டங்களும் அந்த மேசைக்கு வர வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது, பல ஊர்களில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

எங்கள் அலுவலகத்துப் பிரிப்பு பற்றி: மொத்தமாகத்தான் வெளியிடுகிறோம். நீங்கள் சொன்னபடி தலைப்புவாரியாகப் போடுவதை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

வரவுசெலவு

எங்கள் கவுண்டி சி.ஓ.சி.க்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். தரவரிசைக் குழுவுக்கு ஆள் எடுக்கிறீர்களா என்றும் கேட்டிருக்கிறேன்.

கூடல்மகன்

பாலைக்காற்று சொன்ன 14 நாள் வழியை இன்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவருடைய அக்கா கடிதம் எழுதித் தரத் தயார். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? தேதி, முகவரி தவிர வேறு ஏதாவது?

பாலைக்காற்று

எந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும், "விரைவில்" என்று எழுத வேண்டாம். அக்காவின் கையெழுத்து, போன் எண், எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள். போக வேறு இடம் இல்லை, பணமும் இல்லை என்பதை அந்தத் தாய் தனியாக எழுதித் தர வேண்டும். கடிதத்தைப் படம் எடுத்து நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் தொலைந்து போவது சகஜம். திங்கட்கிழமை காலையிலேயே கூப்பிடச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் லைன் கிடைப்பது கஷ்டம்.